9.5 சென்ட் பிளான் உங்கள் வீட்டுக்கு எத்தனை சென்ட்?

கேள்வி: டெக்சாஸில், இர்விங்கில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். செப்டம்பர் கரண்ட் பில் திடீரென்று 214 டாலர் வந்துவிட்டது. போன வருடம் இதே மாதம் 140தான். போன் செய்து கேட்டால், உங்கள் 12 மாத ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது, இப்போது மாதாமாத ரேட்டில் இருக்கிறீர்கள் என்கிறார்கள். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று தேடினால் 9.5 சென்ட் பிளான் ஒன்று முதலில் வருகிறது. அதன் விவரத் தாளையும் எங்கள் ஒரு வருட யூனிட் கணக்கையும் இணைத்திருக்கிறேன். கணவர் தயங்குகிறார். மாற்றும்போது கரண்ட் நின்றுவிடுமா? மே மாதம் லீஸ் முடிகிறது, வீடு மாறினால் அபராதமா? அபார்ட்மெண்ட் ஆபீஸில் சொல்லும் கம்பெனியைத்தான் எடுக்க வேண்டுமா? அடுத்த கோடையில் மாமனார், மாமியார் வேறு வருகிறார்கள். போன வாரம் ஒருவர் கதவைத் தட்டி, “இரவில் கரண்ட் இலவசம்” என்று ஒரு பிளான் சொன்னார், பில்லைக் காட்டச் சொன்னார். நான் காட்டவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, இர்விங்

பதில்: வணக்கம். மாறுங்கள், முடிந்தால் இந்த வாரமே. ஆனால் அந்த 9.5 சென்ட் பிளானுக்கு வேண்டாம். ஏன் என்பதை நீங்கள் அனுப்பிய கணக்கை வைத்தே காட்டுகிறேன். பில்லைக் காட்ட மறுத்தது மிகச் சரியான காரியம், அதற்கும் வருகிறேன்.

முதலில் கணவரின் பயத்தைப் போக்கிவிடலாம். கம்பெனி மாறினால் கரண்ட் நிற்காது. டெக்சாஸில் 1999இல் போட்ட சட்டத்தின்படி 2002 ஜனவரியிலிருந்து விற்பவர் வேறு, கம்பி வைத்திருப்பவர் வேறு. உங்கள் பகுதியில் கம்பியும் மீட்டரும் ஆன்கார் கம்பெனியுடையவை. நீங்கள் யாரிடம் வாங்கினாலும் அதே கம்பி, அதே மீட்டர், அதே மின்சாரம். புயலில் கரண்ட் போனால் அழைக்க வேண்டியதும் ஆன்காரைத்தான், பில் அனுப்பும் கம்பெனியை அல்ல. மாற்றம் என்பது கணினியில் பெயர் மாறுவதுதான். ஸ்மார்ட் மீட்டர் தூரத்திலிருந்தே அளவைச் சொல்லிவிடும், வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். (ஆஸ்டின், சான் அன்டோனியோ போன்ற ஊர்களில் மின்சாரம் நகராட்சிக் கையில் இருப்பதால் இந்தத் தேர்வே கிடையாது. அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வதை வைத்துக் குழம்ப வேண்டாம்.)

இப்போது பிளானுக்கு வருவோம். விளம்பரத்தில் இருப்பது ஒரே ஒரு எண். ஆனால் “எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்” என்கிற அந்த விவரத் தாளில் மூன்று எண்கள் இருக்கும்: மாதம் 500 யூனிட் செலவழித்தால் யூனிட்டுக்குச் சராசரி விலை என்ன, 1000 என்றால் என்ன, 2000 என்றால் என்ன என்று. பில்லில் கிலோவாட் மணி என்று வருவதுதான் நாம் சொல்லும் யூனிட். நீங்கள் அனுப்பிய தாளில் 500க்கு 22 சென்ட், 1000க்கு 9.5 சென்ட், 2000க்கு 15 சென்டுக்குச் சற்று மேல். நடுவில் மட்டும் ஏன் இப்படிப் பள்ளமாக இருக்கிறது? காரணம் அதே தாளில் சின்ன எழுத்தில் இருக்கிறது: மாதம் 1000 யூனிட்டோ அதற்கு மேலோ தொட்டால் 120 டாலர் கிரெடிட், அதாவது பில்லில் கழிவு. ஒரு யூனிட் குறைந்தாலும் கிடையாது.

கிரெடிட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் உண்மையான ரேட் தெரியும். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 16 சென்ட். அதன்மேல் ஆன்காருக்குப் போகும் டெலிவரி கட்டணம். கணக்கு எளிதாக இருக்க, அதை யூனிட்டுக்கு 5 சென்ட், மாதத்துக்கு 5 டாலர் என்று ரவுண்டாக வைத்துக்கொள்வோம். ஆக யூனிட்டுக்கு 21 சென்ட், கூட ஒரு 5 டாலர். சரியாக 1000 யூனிட் செலவானால் 215 டாலர், கிரெடிட் போக 95 டாலர். 9.5 சென்ட் வந்துவிட்டது. 990 யூனிட் என்றால்? 212 டாலர் 90 சென்ட், முழுதும் உங்கள் தலையில். பத்து யூனிட் மிச்சம் பிடித்ததற்கு 118 டாலர் கூடுதல்.

நம் ஊர் ஈ.பி.யில் பழகிய நமக்கு இது புரிபடவே நேரமாகும். அங்கே இரண்டு மாதக் கணக்கில் முதல் கொஞ்சம் யூனிட் இலவசம், அப்புறம் கூடக் கூட ரேட் ஏறும். அதனால் ‘குறைத்துச் செலவழித்தால் லாபம்’ என்பது நம் ரத்தத்தில் ஊறிய கணக்கு. ஃபேனை நிறுத்து, லைட்டை அணை என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே இந்த மாதிரி பிளானில் சிக்கனக்காரர்தான் அதிகம் கட்டுகிறார். சிக்கனத்துக்கு அபராதம் போடும் பிளானை ஒரு குடும்பத்துக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

சரி, உங்கள் வீட்டுக் கணக்கு. ஜனவரி 780, பிப்ரவரி 700, மார்ச் 480, ஏப்ரல் 450, மே 640, ஜூன் 960, ஜூலை 1120, ஆகஸ்ட் 1180, செப்டம்பர் 930, அக்டோபர் 560, நவம்பர் 490, டிசம்பர் 710. மொத்தம் 9000 யூனிட். இதில் ஆயிரத்தைத் தொட்டவை இரண்டே மாதங்கள். அந்தப் பிளானில் வருடத்துக்கு 1890 டாலர், மாதக் கட்டணம் 60 சேர்த்து 1950, இரண்டு கிரெடிட் 240ஐக் கழித்தால் 1710. அதாவது விளம்பரத்தில் 9.5, உங்கள் வீட்டில் 19 சென்ட்.

இதோடு ஒப்பிட, எந்தக் கிரெடிட்டும் இல்லாத நேரான பிளான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் யூனிட்டுக்கு 10 சென்ட், டெலிவரி அதே 5 சென்டும் 5 டாலரும். தாளில் 500க்கு 16 சென்ட், 1000க்கு 15.5, 2000க்கு 15.25 என்று மூன்று எண்களும் ஒன்றையொட்டி இருக்கும். பட்டியலில் இது எங்கோ கீழே கிடக்கும், ஏனென்றால் வரிசை 1000 யூனிட் விலையை வைத்துத்தான் போடப்படுகிறது. ஆனால் உங்கள் 9000 யூனிட்டுக்கு இதில் 1350, கூட 60, ஆக 1410 டாலர். முந்நூறு டாலர் வித்தியாசம்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. நவம்பர் முதல் மே வரை, அதாவது லீஸ் முடியும்வரை உள்ள ஏழு மாதங்களைப் பாருங்கள். எதுவும் 800ஐக்கூடத் தொடவில்லை. ஆகவே அந்தக் கிரெடிட் ஒரு தடவைகூட உங்களுக்கு வராது. அந்த ஏழு மாதத்து 4250 யூனிட்டுக்கு 927 டாலர் கட்டுவீர்கள், நேரான பிளானில் 672.

மாமனார், மாமியார் வந்தால் பகலிலும் ஏ.சி. ஓடும், யூனிட் கூடும், அப்போது கிரெடிட் கிடைக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதமும் 100 யூனிட் கூடி நான்குமே ஆயிரத்தைத் தாண்டுகிறது என்று வைத்துப் பார்த்தேன். கிரெடிட் பிளான் 1554 டாலர், நேரான பிளான் 1470. அப்போதும் நேரான பிளானே கைகொடுக்கிறது. எல்லா மாதமும் 1000க்கும் 1300க்கும் நடுவில் நிற்கிற வீடு ஒன்று இருந்தால் கிரெடிட் பிளான் அவர்களுக்கு நல்லதுதான். அப்படிப்பட்ட அபார்ட்மெண்ட் வீடு அபூர்வம்.

“இரவில் இலவசம்” பிளானுக்கும் இதே பதில். இலவச நேரத்துக்கான பணத்தைப் பகல் ரேட்டில் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். டெக்சாஸ் வெயிலில் ஏ.சி. அதிகம் ஓடுவது மாலை நான்கிலிருந்து எட்டு மணிவரை. பெரியவர்கள் பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போகிறார்கள். மதியத் தூக்கத்துக்கு அவர்கள் ஏ.சி. போடத் தயங்கும்படி ஒரு பிளானை எடுக்காதீர்கள். நூறு டிகிரி வெயிலில் அது உடம்புக்கே ஆபத்து. மின்சாரக் கார் வைத்து ராத்திரி சார்ஜ் போடுகிறவர்களுக்கு அந்தப் பிளான் ஒத்துவரலாம். ‘ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ்’ தளத்தில் பதிவு செய்தால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டில் எவ்வளவு செலவானது என்று பார்க்கலாம். அதைப் பார்க்காமல் நேரத்தைப் பொறுத்து ரேட் மாறும் எந்தப் பிளானையும் எடுக்கக் கூடாது.

ரேட் நிலையாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்தபோது இந்த மாநிலத்தின் மொத்த விலை சந்தையில் ஒரு யூனிட் 9 டாலருக்குப் போய் அங்கேயே நாட்கணக்கில் நின்றது. சென்ட் அல்ல, டாலர். மொத்த விலையை அப்படியே வீட்டுக்குக் கொடுத்த கிரிடி என்ற கம்பெனியின் வாடிக்கையாளர்கள் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில்லைப் பார்த்தார்கள். கம்பெனியும் அடுத்த மாதமே திவாலானது. அதற்குப் பிறகு, வீடுகளுக்கு அப்படி மொத்த விலையோடு கட்டிய பிளான் விற்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் நீங்கள் இப்போது மாட்டியிருக்கும் மாதாமாத ரேட் இன்னும் உண்டு. 930 யூனிட்டுக்கு 214 டாலர் என்றால் யூனிட்டுக்கு 23 சென்ட். அடுத்த மாதம் என்ன என்பது அவர்கள் இஷ்டம். இதில் இருக்கும் ஒரே நல்ல விஷயம், மாதாமாதத்தில் இருப்பவர் எந்த அபராதமும் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். அதனால்தான் இந்த வாரமே என்றேன்.

‘ஃபிக்ஸட்’ என்று எழுதியிருந்தாலும் ஒரு பகுதி மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெலிவரி கட்டணம் ஆன்காருடையது. அது ஏறினால் உங்கள் பில்லும் கொஞ்சம் ஏறும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான், இதற்காகச் சண்டை போட்டுப் பலன் இல்லை.

எங்கே தேடுவது? ‘பவர் டு சூஸ்’ என்ற தளத்தை மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையமே நடத்துகிறது, கட்டணம் இல்லை. உங்கள் ஜிப் கோடைப் போட்டதும் பட்டியல் வரும். அங்கே குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணமோ கிரெடிட்டோ இல்லாத பிளான்களை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை முதலில் தேர்ந்தெடுங்கள், பட்டியல் சட்டென்று சுருங்கும். மிஞ்சியவற்றின் தாளைத் திறந்து, உங்கள் 12 மாத எண்களை மேலே நான் போட்ட மாதிரி ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஒப்பிட்டுக் காட்டும் தனியார் தளங்கள் கமிஷனில் ஓடுபவை. அவற்றைப் பார்ப்பதில் தப்பில்லை, முடிவை மட்டும் அந்த விவரத் தாளை வைத்து எடுங்கள்.

எத்தனை மாத ஒப்பந்தம் என்பதில் நீங்கள் பயப்படத் தேவையே இல்லை. லீஸ் மே மாதம் முடிகிறதே என்று ஆறு மாத பிளானைத் தேடவேண்டாம், 12 மாதமே எடுங்கள். டெக்சாஸ் விதிப்படி வேறு வீட்டுக்குக் குடிபோகிறவரிடம் பாதியில் முறித்ததற்கான அபராதம் வாங்கக் கூடாது. புதிய முகவரியைக் கொடுக்க வேண்டும். ஆதாரம் கேட்டால் புது லீஸைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதே வீட்டில் இருந்துகொண்டு வேறு கம்பெனிக்குத் தாவினால்தான் அபராதம். அதை இரண்டு விதமாகப் போடுவார்கள்: மொத்தமாக 150 டாலர் போல ஒரு தொகை, இல்லையென்றால் மிச்சமிருக்கும் மாதத்துக்கு இத்தனை டாலர் என்று. இரண்டாவது வகையில், ஒப்பந்தம் பிடித்த புதிதில் வெளியேறினால் முதல் வகையைவிடக் கூடிப்போகலாம், கவனித்துப் பாருங்கள். 12 மாதம் எடுப்பதில் இன்னொரு நன்மை, அது அடுத்த அக்டோபரில் முடியும். வெயில் உச்சத்தில், ஆகஸ்டில், புது ரேட் தேடும் நிலைமை வராது.

அபார்ட்மெண்ட் ஆபீஸ் விஷயம். சாவி கொடுப்பதற்கு முன் உங்கள் பெயரில் மின் இணைப்பு இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது வழக்கம். ‘இந்தக் கம்பெனியை எடுங்கள்’ என்பது அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாட்டின் பரிந்துரை. மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருந்து, பில் உங்கள் பெயரில் வந்தால் தேர்வு உங்களுடையது. உங்களுக்கு அப்படித்தான் வருகிறது. மின்சாரத்தை வாடகையோடு சேர்த்தோ, கட்டடத்துக்கே ஒரு மீட்டர் வைத்துப் பிரித்தோ வாங்கும் இடங்களில் மட்டும் வாடகைக்காரர் எதையும் மாற்ற முடியாது.

விண்ணப்பம் போடும்போது ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ‘ஸ்விட்ச்’ வேண்டுமா, ‘மூவ் இன்’ வேண்டுமா என்று கேட்கும். நீங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறீர்கள், ‘ஸ்விட்ச்’தான். சிலர் சீக்கிரம் நடக்கும் என்று மற்றதை அழுத்திவிடுகிறார்கள். ஸ்விட்சில் மனம் மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை இருக்கிறது, மூவ் இன்னில் அது இல்லை. அதைவிடப் பெரிய தப்பு, பழைய கம்பெனிக்குப் போன் செய்து “நிறுத்திவிடுங்கள்” என்பது. அவர்கள் அதைக் காலி செய்துவிட்டுப் போவதாக எடுத்துக்கொண்டால் கரண்டைத் துண்டிக்கும் உத்தரவு போய்விடும். உங்கள் கணவர் பயந்தது நடப்பது இப்படித்தான். புதுக் கம்பெனி கோரிக்கை போட்டதும் பழையது தானாக விலகும். கடைசி பில் ஒன்று வரும், அதை மறக்காமல் கட்டிவிடுங்கள்.

புதுக் கம்பெனி டெபாசிட் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். ஒரு வருடமாகத் தவறாமல் கட்டியிருப்பவர்கள், பழைய கம்பெனியிடம் அதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். டெபாசிட் தள்ளுபடியாகும். இதை வாய்திறந்து கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கதவைத் தட்டியவரைப் பற்றி. பில்லில் உங்கள் மீட்டருக்கான 17 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுவும் பெயரும் முகவரியும் கிடைத்தால், நீங்கள் சம்மதிக்காமலேயே உங்களை ஒரு கம்பெனிக்கு மாற்றப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வாசலிலோ, கடை வாசலில் போட்ட மேசையிலோ பில்லைக் காட்டவும் வேண்டாம், போட்டோ எடுக்க விடவும் வேண்டாம். மாமனார், மாமியார் வந்ததும் இதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நல்ல மனதோடு கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டும் தலைமுறை அது. சொல்லாமல் மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் உங்கள் பழைய கம்பெனிக்கும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கும் உடனே புகார் கொடுங்கள். திரும்ப மாற்றித் தர விதி இருக்கிறது.

ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் கம்பெனி நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும். உங்களுக்கும் ஈமெயிலில் வந்து, விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடந்திருக்கும். தேடிப் பாருங்கள். இனி முடியும் தேதியை இருவர் போனிலும் காலண்டரில் போட்டு வையுங்கள். கடைசி 14 நாட்களுக்குள் வெளியேறினால் அபராதம் கிடையாது. அந்த இரண்டு வாரத்தில் புது ஒப்பந்தம் போட்டுவிட்டால் இந்த 23 சென்ட் நிலைமை திரும்ப வராது.

மே மாதம் வீடு மாறுவதாக இருந்தால் கம்பெனிக்கு முன்கூட்டியே தேதி சொல்லி, பழைய வீட்டு இணைப்பைச் சாவி கொடுத்த மறுநாளோடு முடிக்கச் சொல்லுங்கள். சாமானை வெயிலில் இறக்கி ஏற்றும் நாளில் கரண்ட் இருக்க வேண்டும். புது வீட்டுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். அங்கே முன்பு இருந்தவர் தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்ட பாக்கியை வைத்துப் போயிருந்தால் மீட்டரில் ‘ஸ்விட்ச் ஹோல்டு’ என்று ஒரு தடை இருக்கக்கூடும். கையெழுத்துப் போட்ட லீஸையும், நாங்கள் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்ற உறுதிமொழிப் படிவத்தையும் அனுப்பினால் அதை எடுத்துவிடுவார்கள். அந்தப் பாக்கியில் ஒரு டாலர்கூட உங்கள் பொறுப்பல்ல, கேட்டாலும் கட்டாதீர்கள்.